சர்க்கரை நோயாளிக்கு முதல் ரெட்டினா பரிசோதனை: எங்கே, எப்போது, எவ்வளவு

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று வீடு திரும்பும் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். அந்தப் பலகை சோதிப்பது விழித்திரையின் நட்டநடுவில் இருக்கும் மாக்குலா என்ற சின்ன இடத்தை மட்டும்தான். சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் கசிந்தும் அடைபட்டும் கிடந்தாலும் 6/6 என்ற முழுப் பார்வை அப்படியே இருக்கும். வலி இருக்காது, சிவக்காது, உறுத்தாது. பார்வை மங்கத் தொடங்கும் நாளில் நோய் பாதி வழி வந்திருக்கும்.

உங்களுக்கு வேண்டியது கண் பாப்பாவை மருந்து விட்டு விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை. ஆஸ்பத்திரி வழக்கில் ரெட்டினா டெஸ்ட். அதைத் தமிழ்நாட்டில் எப்படிச் செய்துகொள்வது, எங்கே சறுக்குவார்கள் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. எப்போது போக வேண்டும்

டைப் 2 என்றால், சுகர் இருப்பதாகச் சொன்ன அதே மாதம். "இப்பத்தானே வந்திருக்கு" என்ற கணக்கு இங்கே உதவாது. சுகர் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உடம்பில் இருந்திருக்கலாம். முதல் பரிசோதனையிலேயே விழித்திரையில் ரத்தப் புள்ளிகளோடு வருகிறவர்கள் உண்டு. டைப் 1 என்றால், நோய் தொடங்கிய 5 ஆண்டுக்குள். அதன்பின் இரு வகையினருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை.

இரண்டு பேர் அந்த ஆண்டுக் கணக்குக்குக் காத்திருக்கக் கூடாது. ஒருவர், ஏற்கெனவே சுகர் இருந்து கர்ப்பமாகும் பெண். கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ பார்த்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமெடுக்கலாம். கர்ப்பத்தில் மட்டும் வந்த சுகருக்கு இது பொருந்தாது. இன்னொருவர், நீண்ட நாள் கட்டுக்கடங்காமல் இருந்த சுகரை இன்சுலினோ புது ஊசியோ போட்டுச் சட்டென்று இறக்கப் போகிறவர். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 12-இலிருந்து சில மாதங்களில் 7-க்கு வந்தால் விழித்திரை பாதிப்பு தற்காலிகமாகக் கூடுவது உண்டு. இதைக் கேட்டுவிட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சுகர் இறங்குவதுதான் கண்ணுக்கு நீண்டகால லாபம். மருந்தை மாற்றும் முன் கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு பொதுவான குழப்பம்: சுகர் ஏறி இறங்கும் நாட்களில் பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் கலங்கலாகவும் இருக்கும். அது பெரும்பாலும் கண்ணின் லென்ஸ் நீர் கோத்து வடிவம் மாறுவதால் வருவது. இந்த நேரத்தில் புதுக் கண்ணாடி போட்டால் காசு வீண். சுகர் இறங்கியதும் பவர் மாறிவிடும். சுகர் நிலைப்பட்டு 4 முதல் 6 வாரம் கழித்துக் கண்ணாடிக்குப் போங்கள். ரெட்டினா பரிசோதனைக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம்.

2. எங்கே போவது

வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருப்பார். முதல் பார்வைக்கும் பரிந்துரைச் சீட்டுக்கும் அவர் போதும். விரிவான பரிசோதனைக்கு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவு. சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. ஓபி சீட்டு பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும். ரெட்டினா மருத்துவர் எல்லா நாளும் இருக்க மாட்டார் என்பதால், ரெட்டினா கிளினிக் எந்தக் கிழமை என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

தனியாரில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்றவற்றில் ரெட்டினாவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அரவிந்துக்குச் சிற்றூர்களில் பார்வை மையங்களும் உண்டு. அங்கே பரிசோதித்து, விவரத்தைப் பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடம் இணையம் வழியாகக் காட்டுவார்கள். நகரத்துக்குப் போய்வர முடியாத வயதானவர்களுக்கு நல்ல வழி.

இங்கே மூன்று பொறிகள். கண்ணாடிக் கடைப் பரிசோதனை பவருக்கானது, விழித்திரைக்கானது அல்ல. இலவசக் கண்புரை முகாமில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது: கேமரா வழியாகப் படம் எடுக்கும் இடத்தில் "படம் தெளிவில்லை" என்று எழுதித் தந்தால், பலர் அதை "ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். புரை இருந்தாலோ கண் பாப்பா சின்னதாக இருந்தாலோ படம் மங்கும். படம் தெளிவில்லை என்றால் பரிசோதனையே நடக்கவில்லை என்று பொருள். மருந்து விட்டுப் பார்க்க வேறு இடம் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய வசதி. ஆனால் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை நின்றதும், போன இடத்தில் கண்ணைக் காட்டும் வாய்ப்பும் பலருக்கு நின்றுபோகிறது. மாத்திரை தர வருகிறவரிடமே கண் பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேளுங்கள்.

3. கையில் என்ன எடுத்துப் போவது

ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை. சுகர் நோட்டு, கடைசி எச்பிஏ1சி, ரத்த அழுத்த அளவு, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்த்த ரிப்போர்ட். சிறுநீரகமும் கண்ணும் இதில் கூட்டாளிகள். ஒன்றில் கசிவு இருந்தால் மற்றதைத் தேட வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள், பெயர் ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டாம். அதில் பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை இருந்தால் கண் மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். மாக்குலா வீக்கம் உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். பழைய கண்ணாடியும் பழைய கண் சீட்டுகளும் வேண்டும். வெயில் கண்ணாடி அல்லது தொப்பி. கூட ஒரு ஆள்.

முக்கியமாக, டிபன் பாக்ஸ். ரத்தப் பரிசோதனைக்குப் போய்ப் பழகியவர்கள் கண்ணுக்கும் வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறார்கள். அதிலும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வருவார்கள். பதினோரு மணிக்கு வரிசையிலேயே கை நடுங்கி, வேர்த்து, தாழ்சர்க்கரை ஆகிவிடும். ரெட்டினா டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை, இன்சுலின் போட்டுக்கொண்டு போங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸோ மூன்று ஸ்பூன் சர்க்கரையோ பொட்டலமாக இருக்கட்டும்.

4. அன்று என்ன நடக்கும்

குறைந்தது அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் எழுத்துப் பலகை, பிறகு கண் நீர் அழுத்தம். 10 முதல் 21 வரை இயல்பான அளவு. அதன் பிறகு சொட்டு மருந்து. பெரும்பாலும் ட்ராபிகமைடும் ஃபினைலெஃப்ரினும் கலந்தது. சில நொடி எரியும். கண் பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்குக் கண் பாப்பா சோம்பேறி, இரண்டு மூன்று முறை விட வேண்டிவரும். பிரஷர் மிக அதிகமாக இருந்தாலோ இதய நோய் இருந்தாலோ, முன்பு கண் நீர் அழுத்தம் ஏறிய வரலாறு இருந்தாலோ சொட்டு விடும் முன்பே நர்சிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்தின் வேலை 4 முதல் 6 மணி நேரம் இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது, டூவீலர் அறவே கூடாது. கிட்டப் பார்வை போய்விடும் என்பதால் போனில் ஓடிபி படிக்க முடியாது. ஜிபேயில் ஒரு சைபர் கூடினாலும் தெரியாது. பணம் கட்டும் வேலை, கையெழுத்துப் போடும் வேலை எல்லாவற்றையும் மருந்து விடும் முன்பே முடித்துவிடுங்கள்.

பரிசோதனை முழுதாக நடந்ததா என்று நீங்களே கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. மேசை மேல் உள்ள கருவியில் தாடையை வைத்துப் பார்ப்பது நடுப்பகுதிக்கு. விழித்திரையின் ஓரங்களைப் பார்க்க மருத்துவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, "மேலே பாருங்க, கீழே பாருங்க, வலது மூலை, இடது மூலை" என்று இரண்டு கண்ணுக்கும் சுற்றிச் சுற்றிச் சொல்வார். வெளிச்சம் கூசும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது நடக்கவில்லை என்றால், "ஓரம் பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

மாக்குலாவில் வீக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், விழித்திரையின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் எழுதுவார்கள். ஊசியில்லை, வலியில்லை, சில நிமிட வேலை. ரத்தக்குழாய் அடைப்பை வரைபடமாகப் பார்க்க எஃப்எஃப்ஏ எழுதலாம். கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுப்பது. சிலருக்குக் குமட்டும். தோல் சில மணி நேரம் மஞ்சளடிக்கும், சிறுநீர் ஒரு நாள்போல ஆரஞ்சாகப் போகும். மஞ்சள் காமாலை என்று பயந்து ஓட வேண்டாம். ஆஸ்துமாவோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

5. சீட்டைப் படிப்பது

மருத்துவர் "கொஞ்சம் இருக்கு, பாத்துக்கலாம்" என்று சொன்னதோடு எழுந்துவிடாதீர்கள். மூன்று விவரங்கள் எழுத்தில் வேண்டும்: எந்த நிலை, மாக்குலாவில் வீக்கம் உண்டா, அடுத்து எப்போது வர வேண்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. சீட்டில் ஆர்ஈ அல்லது ஓடி என்றால் வலது கண். எல்ஈ அல்லது ஓஎஸ் என்றால் இடது.

ரெட்டினோபதி, அதாவது சுகரால் வரும் விழித்திரை பாதிப்பு, இல்லை என்று எழுதியிருந்தால் ஒரு வருடம் கழித்து. என்பிடிஆர் என்பது புது ரத்தக்குழாய்கள் இன்னும் முளைக்காத கட்டம். அதில் மைல்டு என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள், மாடரேட் என்றால் 3 முதல் 6 மாதம், சிவியர் என்றால் 3 மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது. பிடிஆர் என்று இருந்தால் புது ரத்தக்குழாய்கள் முளைத்துவிட்டன. அவை மெலிந்தவை, எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். சிகிச்சைக்கு நாள்கணக்கில் தேதி வாங்குங்கள், "தீபாவளி முடியட்டும்" என்பது வேண்டாம். டிஎம்இ என்பது மாக்குலா வீக்கம். மேலே சொன்ன எந்தக் கட்டத்திலும் கூடவே வரலாம்.

ஓசிடி ரிப்போர்ட்டில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் தடிமன் போட்டிருக்கும். ஒரு கம்பெனி மிஷினின் எண்ணை இன்னொரு கம்பெனி மிஷினின் எண்ணோடு ஒப்பிட்டு "கூடிடுச்சு", "குறைஞ்சிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். அவை அளக்கும் விதமே வேறு. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள்.

புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முன் ரெட்டினா கட்டாயம். "ஆபரேஷன் பண்ணியும் பார்வை வரல" என்று ஊரில் கேட்கும் புலம்பலில் ஒரு பங்கு, பின்னால் இருந்த விழித்திரையைச் சரியாகப் பார்க்காமல் முன்னால் லென்ஸை மட்டும் மாற்றியதால் வருவது.

6. சிகிச்சையும் செலவும்

முதலில் ஓர் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிடிஆருக்குப் போடும் லேசர், இருக்கும் பார்வையைக் காப்பதற்கு. போனதைத் திருப்பித் தராது. இது தெரியாமல் "லேசர் போட்டும் தெளியல" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் பிறகு ஒரே நாளில் இருட்டாகி வருகிறார்கள். லேசரை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்துதான்; சில இடங்களில் சுருக்கென்று வலிக்கும். பிறகு இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். டிரைவர் வேலை பார்ப்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

மாக்குலா வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி. கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கும், ஆனால் கண்ணை மரக்கவைத்து, அயோடின் மருந்தால் சுத்தம் செய்து, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி எடுப்பது சில நொடிதான். சுத்தம் செய்வதற்குத்தான் அதிக நேரம்.

உண்மையான பாரம் எண்ணிக்கை. ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒன்று. ஆய்வுகளில் முதல் ஆண்டில் 8 முதல் 10 ஊசி வரை தேவைப்பட்டிருக்கிறது. அதற்கடுத்த ஆண்டுகளில் குறையும். ஆகவே "ஒரு ஊசி எவ்வளவு?" என்று கேட்காமல், "இந்த வருஷம் முழுக்க எத்தனை ஊசி, ஸ்கேன் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகாத மருந்தை ஆரம்பித்து மூன்றாவதில் நிறுத்துவதைவிட, கடைசி வரை போட முடிகிற மருந்து மேல்.

மருந்துகளில் பெவாசிசுமாப், அதாவது அவாஸ்டின், மலிவானது. புற்றுநோய்க்கான பெரிய குப்பியிலிருந்து கண்ணுக்கு வேண்டிய 0.05 மில்லியைப் பிரித்து எடுப்பார்கள். விலை குறையக் காரணம் அதுதான், கவனம் வேண்டிய இடமும் அதுதான்: பிரிக்கும் இடம் கிருமியில்லாமல் இருக்க வேண்டும். நிறையப் பேருக்கு ஊசி போட்டுப் பழகிய மருத்துவமனையில் போட்டுக்கொள்ளுங்கள். ரானிபிசுமாப் அடுத்தது, இந்தியத் தயாரிப்பான ராசுமாப் மூல மருந்தைவிட விலை குறைவு. அஃப்லிபெர்செப்ட், அதாவது ஐலியா, விலை கூடியது. பார்வை ஓரளவு நன்றாக இருக்கும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன். பார்வை 6/15 அல்லது அதற்கும் கீழே இருந்தால் முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் கூடுதலாகத் தூக்கிவிடுகிறது. எனவே "விலை கூடினதுதான் நல்லது" என்று எல்லோரும் கடன் வாங்கத் தேவையில்லை. உங்கள் சீட்டில் உள்ள பார்வை எண்ணைக் காட்டிக் கேளுங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பிறகு வெள்ளை விழியில் ரத்தத் திட்டு தெரிந்தால் பயமில்லை, ஓரிரு வாரத்தில் போய்விடும். சில நாள் கண்ணில் தண்ணீர் படாமல் பாருங்கள், தேய்க்காதீர்கள், தலைக்குக் குளிப்பதைத் தள்ளிவையுங்கள். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடி, சிவப்பு கூடி, பார்வை இறங்கினால் அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையானாலும் போட்ட இடத்துக்கே ஓடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்கும் நேரம் அதுவல்ல.

ரத்தம் கொட்டித் தெளியாமல் நின்றாலோ விழித்திரை இழுபட்டாலோ விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன். கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும் வரை விமானமும் கூடாது, ஊட்டி கொடைக்கானலும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். சிலிக்கோன் ஆயில் நிரப்பினால் பின்னால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரும், அந்தச் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கட்டணமில்லா எண் 1800 425 3993. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு அனுமதி வாங்க வேண்டும். பணம் கட்டிப் போட்டுக்கொண்டு பிறகு ரசீதோடு அலைந்தால் வேலைக்காகாது. லேசர், ஊசி, ஆபரேஷன் இவற்றில் எது அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தனியார் பாலிசிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஊசிதானே, அட்மிஷன் இல்லையே" என்று கண் ஊசிக்கான கிளெய்மைத் தட்டிக்கழிப்பது முன்பு சகஜம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் வெளியிட்ட விதிமுறையில் கண்ணுக்குள் போடும் ஊசி, பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கம்பெனி அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். பாலிசித் தாளில் அந்த வரம்பைத் தேடிப் பாருங்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 3 ஆண்டு. சுகரை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தால் சிக்கல் அங்கேதான் வெடிக்கும்.

8. அடுத்த தேதிவரை

கண் முன்னால் திடீரென்று கரும்பூச்சிகள் பறப்பது, ஒட்டடை தொங்குவது, மின்னல் அடிப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது, ஒரு கண் சட்டென்று இருளுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். படுக்கும்போது தலையை உயர்த்தி வையுங்கள். ரத்தம் மெலியும் மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அதுவும் அவசரம். சுகரால் கண்ணை அசைக்கும் நரம்பு சோர்ந்து போயிருக்கலாம். அப்படியென்றால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தெளியும். அதைவிடப் பெரிய காரணம் இல்லை என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் வாரம் ஒருமுறை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். பாதிப் பேர் கோளாறைக் கண்டுபிடிப்பதே நல்ல கண்ணில் தூசி விழுந்த அன்றுதான். கம்பி வளைந்து தெரிந்தாலோ நடுவில் ஒரு துண்டு காணாமல் போனாலோ மாக்குலா பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த வாரமே காட்டுங்கள். கம்பி நேராகத் தெரிவதால் மட்டும் ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சீட்டைப் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த தேதியைத் தினமும் கை போகும் இடத்தில், மாத்திரை டப்பாவின் மூடி உள்பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.